எட்டி உதைத்தவள்

"உங்க டிரைவர் எங்கம்மாவை எட்டி உதைச்சிருக்கா சார்! இடுப்பு வீங்கிப் போய்க் கிடக்காங்க!"

வந்தவர் மேஜையில் ஓங்கித் தட்டியதில் டெலிபோன் குதித்தது.

ஐந்து டாக்ஸிகள் ஓடும் அந்த ஆபீசுக்கு முதலாளி, மேனேஜர், போன் எடுப்பவர் எல்லாமே அந்தப் பெரியவர்தான். அந்த டிரைவர் அவருடைய மகள். வந்தவருக்கு அது தெரியாது.

"கார் கால்வாய்ல விழுந்ததுக்கு நான் சண்டைக்கு வரலை. குறுக்க வந்த லாரிக்காரன் தப்பு. ஆனா சீட் பக்கத்துல சுத்தியலும் கத்தியும் எதுக்கு சார்? டாக்ஸியா ஓட்டறா, ரவுடித்தனம் பண்றாளா?"

பெரியவருக்குச் சுருக்கென்றது. அந்தச் சாமான்களை மகள் ஐந்து வண்டியிலும் மாட்டியபோது, "நாம என்ன கப்பலா ஓட்டறோம்?" என்று கேலி செய்தவர் அவர்.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து மகள் வந்தாள். கையில் கட்டு. தலை இன்னும் ஈரம்.

"உதைச்சியாம்மா?"

"ஆமாம்."

"பாருங்க, அவ வாயாலயே ஒத்துக்கறா!"

"ஏன்மா?" என்றார் பெரியவர்.

"தண்ணி அழுத்தினதுல கதவு அசையலை, ஜன்னலும் இறங்கலை. இவங்கம்மாவோட பெல்ட் வேற சிக்கிக்கிச்சு. பின்சீட்டுக்குத் தாவி, கத்தியால அறுத்தேன். பக்கத்துக் கண்ணாடியை மூலையில அடிச்சு உடைச்சேன். தண்ணி குபுகுபுன்னு உள்ளே பாயுது. பாவம், பயத்துல முன்சீட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. கெஞ்சினேன், தள்ளினேன், விடவே இல்லை. கழுத்துக்குத் தண்ணி வந்தாச்சு. அதான்..."

பெரியவரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

வந்தவர் சற்று இறங்கி வந்தார். "சரி, காப்பாத்தினா. இல்லேன்னு சொல்லலை. ஆனா எதுக்கும் ஒரு முறை இருக்கில்லையா? முதல்ல இவ வெளியே வந்து, அப்புறம் அம்மாவைக் கையைப் பிடிச்சுப் பதமா இழுத்திருக்கலாமே? பெரியவங்களைக் காலால உதைக்கணுமா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதான் சார். நான் மன்னிப்பு கேட்டேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க."

"நீ எதுக்கும்மா மன்னிப்பு கேக்கணும்?"

பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தார். மகளின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"இவ என் பொண்ணு சார். வெளியே நடந்ததைக் கயிறு போட்டு இழுத்தவங்க என்கிட்ட சொன்னாங்க. அங்கே ரெண்டு ஆள் ஆழமாம். கரையிலிருந்து ஆளுங்க நீந்திக் கிட்ட வந்தப்புறம்தான் உங்கம்மாவை வெளியே தள்ளியிருக்கா. அவங்களைக் கரை சேர்த்துட்டு ஆளுங்க திரும்பி வர்ற வரைக்கும், முழுகற காரோட கூரையைப் பிடிச்சுக்கிட்டுத் தனியா தொங்கியிருக்கா."

வந்தவர் மேஜையிலிருந்து கையை எடுத்தார்.

"முதல்ல வெளியே வந்து கை குடுக்கறதுக்கு," என்றார் பெரியவர், "அவளுக்கு நீச்சல் தெரியாது சார்."