முழுக்கைச் சட்டை

“நீ தாய்மாமனா, இல்ல மீட்டர் பார்க்க வந்த ஆளா? உள்ள வாடா!”

அக்கா அதட்டிய பிறகுதான் தம்பி வாசற்படியைத் தாண்டினான். குழந்தை பிறந்து ஒரு மாதம் கழித்து இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறான். அதுவும் இந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான்கூடக் கழற்றாமல்.

சோபாவை விட்டுவிட்டு மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தபோது, பையிலிருந்து தன் டம்ளரை எடுத்து அதில் ஊற்றிக் குடித்தான்.

“மாப்ளே, சட்டைக்குள்ள தங்கம் ஏதும் கடத்துறீங்களா?” என்றார் அக்காவின் கணவர்.

தம்பி சிரித்து வைத்தான். அக்காவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சொரியாசிஸ் வந்த நாளிலிருந்து இதே கூத்து. வேலை பார்க்கும் துணிக்கடையில் கறுப்புத் துணியை விரித்துக் காட்டியபோது அவன் கையிலிருந்து செதில் உதிர, வாங்க வந்த அம்மாள் முகத்தைச் சுளித்தாள். அன்றைக்கே பின்பக்கக் கிடங்குக்குப் போனவன்தான். கல்யாணமாகி நாலு வருஷத்துக்கு முன்பே வெளியூர் வந்துவிட்ட அக்காவிடம் போனில்கூட அதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டான்.

“முதலாளி உன்னை மறுபடி கடை முன்பக்கம் கூப்பிட்டாராமே? போக வேண்டியதுதானே?”

“கிடங்கே நல்லாருக்குக்கா. மூட்டைங்க முகத்தைச் சுளிக்காது.”

அக்கா குழந்தையை நீட்டினாள். “இந்தா, பிடி.”

அவன் சட்டென்று எழுந்து பின்வாங்கினான். பழக்கத்தில் கைக்குட்டையை எடுத்து, உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு துடை துடைத்தான்.

“வேணாம்க்கா. பிஞ்சு உடம்பு.”

“இது ஒட்டுவாரொட்டி இல்லைன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியாச்சு. கல்யாணத்துக்கு முன்னால உன் போர்வையை தினம் உதறிப் போட்டவ நான். எனக்கு வந்துச்சா?”

“தூரத்துலேர்ந்து பார்த்துக்கறேனே.”

அக்காவின் கண் கலங்கிவிட்டது. “என் பிள்ளைக்கு இருக்கறதே ஒரே மாமன். அவனும் தூரத்துலேர்ந்துதானா?”

அவன் தலை குனிந்தான். அந்த நேரம் பார்த்து அவள் குழந்தையை அவன் நெஞ்சோடு சாய்த்தாள்.

“நான் கையை எடுக்கப் போறேன். அப்புறம் உன் பாடு.”

வேறு வழியில்லை. ஏந்திக்கொண்டான். மூச்சுவிடக்கூட பயந்து நின்றவனைப் பார்த்துக் குழந்தை வாயெல்லாம் பிளந்து ஒரு கொட்டாவி விட்டது. அவ்வளவுதான், மனுஷன் அப்படியே கரைந்து போனான். அவன் இப்படிச் சிரித்து அக்கா பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

அடுத்த நிமிடம் சட்டைக் கை சொதசொதவென்று நனைந்தது.

“தாய்மாமனுக்கு அபிஷேகம் ஆயிடுச்சு!” என்று கைதட்டினார் அக்காவின் கணவர்.

“அய்யோ, புண்ணுல பட்டா எரியுமே!” அக்கா வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியுமாக ஓடி வந்தாள்.

“வேணாம்க்கா, விடு! நானே பார்த்துக்கறேன்!”

இரண்டு கையிலும் குழந்தை இருக்கும்போது எதைப் பார்த்துக்கொள்வது? அவள் பொத்தானைக் கழற்றி, எங்காவது வலித்துவிடப் போகிறதே என்று பயந்து பயந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல்வரை சுருட்டினாள்.

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

தோல் பளிச்சென்று இருந்தது. மருந்துக்குக்கூட ஒரு செதில் இல்லை.

“எப்போடா போச்சு?”

“ஊசி போட்டதுல... மூணு வருஷமாச்சுக்கா.” குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னான். “திரும்ப வந்தாலும் வரும்னாரு டாக்டர். அதான் யாரையும் தொட்டுப் பழகிக்கல.”