பயந்தாங்கொள்ளிக்குத் துணை

பாறைகளுக்கு நடுவே பாயும் ஆற்றில் சவாரி போக, கடைத்தெரு நண்பர்கள் எல்லோரும் ரப்பர் படகில் ஏறிவிட்டார்கள். டைலர் மட்டும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற ஆரம்பித்தார். ஆசை இருந்தது, கால்தான் வரவில்லை. போன வருடமும் இப்படித்தான் கரையில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும் காத்தார்.

"இந்தத் தடவையும் செருப்புக் காவல்தானா?" பேக்கரிக்காரர் சிரித்தார்.

தெருவுக்குப் புதிதாக வந்த சலூன்காரர் சட்டென்று டைலரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, எனக்குத் தண்ணின்னாலே பயம். நீங்க பக்கத்துல உட்கார்ந்தா வர்றேன். இல்லேன்னா நானும் இறங்கிடுறேன்."

டைலருக்கு மனசு கேட்கவில்லை. ஏறிவிட்டார்.

முதல் பாறைச் சரிவிலேயே படகு கன்றுக்குட்டி போலத் துள்ளியது.

"ஐயோ அண்ணே, போச்சு!" சலூன்காரர் அலறினார்.

"நான் இருக்கேன்ல! துடுப்பைப் போடுப்பா!" டைலர் கத்தினார். அடுத்த அலை இருவர் முகத்திலும் அறைந்தது. டைலருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தனக்குப் பயப்பட நேரமே கிடைக்கவில்லை என்று கரையேறிய பிறகுதான் தெரிந்தது.

"இருப்பா, துண்டு எடுத்துட்டு வர்றேன்" என்று ஓடினார்.

படகோட்டி சலூன்காரரிடம் வந்தார். "சார், போன மாசம் கவிழ்ந்த படகுலேர்ந்து ரெண்டு பேரை நீந்திப்போய் இழுத்துட்டு வந்தவர் நீங்கதானே? இன்னைக்கு என்ன இப்படி அலறுறீங்க?"

"மெதுவாப் பேசுங்க, அண்ணன் வர்றார்" என்ற சலூன்காரரின் பற்கள் உடனே தந்தியடிக்கத் தொடங்கின.

டைலர் அவருக்குத் துண்டைப் போர்த்திவிட்டார்.

"இன்னொரு தடவை போகலாமா? பயப்படாதே. நான் பக்கத்துலயேதான் உட்காருவேன்."