பெஞ்சின் ஓரம்

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் உள்ள கிரேக்கத் தொடக்கப்பள்ளி முற்றத்தில் ஆசிரியை கலியோபி நீளமான மர பெஞ்சைத் துணியால் துடைக்கிறார். மதிலுக்கு அப்பால் டிராம் ஒன்று முனகிக்கொண்டே திரும்புகிறது. ஆண்டுப் படம் எடுக்க வந்த நான் கேமராவோடு வெயிலில் நிற்கிறேன். தாழ்வாரச் சுவரில் பழைய ஆண்டுப் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. முதல் படங்களில் பிள்ளைகள் தோளோடு தோள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். பிறகு குடும்பங்கள் ஏதென்சுக்கும் மெல்போர்னுக்கும் கப்பலேற, படத்துக்குப் படம் வரிசைகள் மெலிகின்றன. இந்த ஆண்டு ஃபொத்தினி என்ற சிறுமி ஒருத்திதான் படிக்கிறாள்.

"ஒத்தப் பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் இவ்ளோ நீள பெஞ்சு? ஒரு நாற்காலி போட்டா போதாதா?" என்கிறேன்.

"எல்லா வருஷமும் பெஞ்சுதான் ரகீப். இப்ப மட்டும் என்ன?" என்கிறார், தலை நிமிராமல். ஃபொத்தினி வந்து பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்து, நீலச் சீருடையை முழங்கால்மேல் இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.

"நடுவுல வந்து உக்காருடா கண்ணு."

"வேணாம் டீச்சர். நடுவுல உக்காந்தா நான் மட்டுந்தான்னு தெரிஞ்சுடும். ஓரத்துல இருந்தா, மத்தவங்க இப்பதான் எந்திரிச்சுப் போனாங்கன்னு நினைப்பாங்க."

கலியோபியின் கையில் துணி அப்படியே நிற்கிறது. சிறுமி கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவளை மட்டும் எடுக்கலாமென்று கிட்டே போயிருந்த நான் ஒவ்வோரடியாகப் பின்வாங்குகிறேன், காலி பெஞ்சு முழுவதும் படத்துக்குள் வரும்வரை.