சேர்மனுக்கு மாத்திரை

"நீயே போட்டுரு சாமி. நான் கிட்டத்துல வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மாத்திரை டப்பாவை எட்ட நின்றபடியே மோவாயால் காட்டினாள் மாமியார் சௌந்திரம்.

மதுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி சங்ககிரிக்கு வந்த இந்த எட்டு மாதத்தில், மாமியார் வீட்டு நாய்க்குச் சோறு பிசைந்து ஊட்டாத நாளை அவள் பார்த்ததில்லை. காலையில் ஒருமுறை தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு மீதிப் பொழுதை நிழலில் படுத்தே கழித்ததால், அதற்கு சேர்மன் என்று பெயர் வைத்திருந்தார் மாமனார் கைலாசம்.

"உங்க கையில தின்னு வளர்ந்த நாய்தானுங்களே அத்தை. நீங்க போட்டா ஆகாதுங்களா?"

"எனக்கு ஆகாது சாமி."

அவ்வளவுதான் பதில்.

சேர்மனுக்கு மூக்கைச் சுற்றியும் காதிலும் புண். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கிறுக்குப் பிடித்துத் தன் தோலையே தாக்குகிறது, அதை அடக்கத்தான் இந்த மாத்திரை என்று நாமக்கல்லில் டாக்டர் அகல்யா சொல்லியிருந்தார். நாயைக் கொண்டுபோய்க் காட்டியவர் கைலாசம். டாக்டர் சொன்னதையெல்லாம் திரும்பி வந்து ஒப்பித்தார். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது. முழுதாக விழுங்கியதா என்று பார்த்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நாய் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போன இடத்தைச் சுத்தம் செய்யும்போதும் கையுறை வேண்டும். புண் ஆறுகிறதே என்று நாமாக நிறுத்திவிடக் கூடாது.

இத்தனையும் சொன்னவர், பிறகு மனைவியை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ பேசினார். வெளியே வந்த சௌந்திரம் முதல் வேலையாக மருமகளிடம், "இந்த மாசமும் தலைக்குக் குளிச்சாச்சுதானே?" என்று கேட்டாள். எட்டு மாதமாகக் கேட்கும் கேள்விதான். ஆச்சுங்க அத்தை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் மதுமதி. உடனே கையுறைப் பெட்டி அவள் கைக்கு வந்துவிட்டது. ஆண்கள் இருவரும் காலை ஆறு மணிக்கே லாரிப் பட்டறைக்குப் போய்விடுவார்கள் என்பதால் வேறு ஆளும் இல்லை. மருமகளை வேலை வாங்கப் புருஷனும் பொண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொண்டு போட்ட திட்டம் என்று மதுமதிக்குப் புரிந்துபோனது.

முதல் நாள் மாத்திரையை இட்லிக்குள் வைத்துக் கொடுத்தாள். சேர்மன் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் அவள் கால் விரல் மேல் பத்திரமாக வைத்தது. மறுநாள் கோழி ஈரலில் வைத்தாள். ஈரல் போன வழி தெரியவில்லை, மாத்திரை தரையில் கிடந்தது. மூன்றாம் நாள் குலசாமியை வேண்டிக்கொண்டு அதன் வாயைப் பிளந்து, நாக்கின் அடிவரை விரலை விட்டுப் போட்டுவிட்டுத் தொண்டையைத் தடவினாள். விழுங்கிவிட்டது. இருவருக்குமே ஆச்சரியம்.

புண் காயக் காய மாமியார் மேல் கோபம் முற்றியது. இவள் நாயின் கழிவை அள்ளிக்கொண்டிருப்பாள், சௌந்திரம் ஊஞ்சலில் உட்கார்ந்து மாதுளம்பழம் உரித்துத் தின்பாள். மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குவாள். நாற்பத்து மூன்று வயதுக்கு அவள் தோலில் ஒரு மினுமினுப்பு வேறு. ஜவுளிக்கடையில் இருவரையும் அக்கா தங்கையா என்று கேட்டதை மதுமதி இன்னும் மன்னிக்கவில்லை. ஒரே ஒரு நிம்மதி, சௌந்திரம் விசேஷம் உண்டா என்று கேட்பதை நிறுத்தியிருந்தாள். கல்யாண வீட்டில் ஒரு சொந்தக்காரி மதுமதியிடம் அதைக் கேட்க வாயெடுத்தபோது, சௌந்திரமே குறுக்கே விழுந்து பேச்சைப் பந்திக்குத் திருப்பிவிட்டாள்.

ஆனாலும் மதுமதி முடிவு செய்துவிட்டாள்.

"ஒரு ஊட்டுல ரெண்டு மகாராணி இருக்க முடியாதுங்க. தனியாப் போயிரலாம்" என்றாள் கணவனிடம்.

சந்தோஷ்குமார் வீட்டுக்கு ஒரே பிள்ளை. நாய்க்குக் குணமாகட்டும், பேசிக்கொள்ளலாம் என்று நழுவினான்.

இரண்டு வாரம் கழித்து நாய்க்கு ரத்தப் பரிசோதனை. கணவன் வண்டியோட்ட, மதுமதியே சேர்மனைக் கூட்டிக்கொண்டு நாமக்கல் போனாள். டாக்டர் அகல்யா ரத்தம் எடுத்துக்கொண்டு, புண் ஆறியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். வீட்டில் மாத்திரை போடுவது யார் என்று விசாரித்தார்.

"நான்தானுங்க" என்றாள் மதுமதி, கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டரின் முகம் மாறியது. "நீங்களா? கர்ப்பமா இருக்கறவங்க அதைத் தொடவே கூடாதுன்னு சொல்லித்தானே அனுப்பினேன். வயித்துல இருக்கற பிள்ளைக்கு ஆபத்தும்மா."

மதுமதிக்குக் காது சூடேறியது. ஊர் வாயை அடைக்க, நாமக்கல் வரைக்கும் வந்து தன் வயிற்றில் இல்லாத பிள்ளையை உண்டாக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"நான் கர்ப்பமெல்லாம் இல்லீங்க. யாரு சொன்னது?"

"நாயைக் கூட்டிட்டு வந்தவர்தான். ஊட்டுல ஒருத்தங்க இருக்காங்க, மூணு மாசம்னாரு."

"அவரு எங்க மாமனாருங்க. எங்க ஊட்டுல பொம்பளைங்கன்னா நானும் எங்க அத்தையும் மட்டுந்தானுங்க..."

மேற்கொண்டு பேச வந்தவள் பாதியில் நின்றாள்.

டாக்டரும் எழுதுவதை நிறுத்தினார். "அதான் அவரு அன்னைக்கு என் முகத்தைப் பார்க்காம, நாயைப் பார்த்தே பதில் சொன்னாரா" என்றார் மெதுவாக.

மதுமதி ஜன்னல் வழியே பார்த்தாள். வண்டியில் சாய்ந்து நின்றபடி, இருபத்து நாலு வயதில் தான் அண்ணனாகப் போவது தெரியாமல், போண்டா தின்றுகொண்டிருந்தான் சந்தோஷ்குமார்.