மூன்று தட்டு

"கிழம் இருக்கா, போச்சான்னு தினம் என்கிட்ட கேக்குது சார் அந்தம்மா. அவ்வளவு காண்டு."

கேட்டிலேயே வாட்ச்மேன் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டான். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகிறது, அதற்குள் எல்லா வீட்டுக் கதையும் அத்துப்படி. மூன்றாம் மாடிப் பெரியவர் தினமும் காலை ஆறரைக்கு வாக்குவம் கிளீனரைப் போடுவாராம். உடனே இரண்டாம் மாடி அம்மா ஒட்டடைக் கம்பால் சீலிங்கை இடிப்பாளாம். மூணு இடி. நாலு நாளாக மிஷின் ரிப்பேர், அதனால் சண்டைக்கு லீவு.

மெக்கானிக் படியேறினான். இரண்டாம் மாடியில் கதவு திறந்திருந்தது. அந்தம்மா ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் கம்பு. தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

மேல் வீட்டு மிஷினுக்கா, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். பார்த்தால்தான் தெரியும் என்றான். பாவமாக இருந்தது.

பெரியவர் லேத் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். பட்டறை காதைத் தின்றுவிட்டது. எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கவிழ்த்து வைத்த ஒரு தட்டு, ஒரு டம்ளர். ரெண்டு நாற்காலி இருந்தது, அதில் ஒன்றுக்கு இன்னும் கடை பிளாஸ்டிக் கவரே பிரிக்கவில்லை.

மெக்கானிக் முதலில் குப்பைப் பையைத்தான் வெளியே எடுத்தான். பாதி வியாதி அங்கேதான் இருக்கும். பை நிரம்பியிருக்கும், ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லாவிட்டால் பைப்புக்குள் ஒரு சாக்ஸ் கிடக்கும்.

இதில் பை புதுசு மாதிரி இருந்தது. ஃபில்டர் வெள்ளை வெளேர். ஆனால் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற ரெண்டு கார்பனும் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதாவது மிஷின் மாசக்கணக்கில் ஓடியிருக்கிறது. ஒரு தூசியைக்கூட எடுக்கவில்லை.

இதில் குப்பையே எடுக்கலையா சார் என்று கத்திக் கேட்டான். அவர் ஜன்னலைப் பார்த்தார். நிஜமாகவே காதில் விழவில்லையா, இல்லை வசதியாக விழவில்லையா, தெரியவில்லை.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, எவ்வளவு தாங்குகிறது பார்க்கலாம் என்று சுவிட்சைப் போட்டான். பெரியவர் அவசரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தரையில் நின்றார்.

மிஷின் உறுமியது. உள்ளே பொறி பறந்தது. பத்து செகண்டில் அடங்கிவிட்டது.

தொம். தொம். தொம்.

தரை அதிர்ந்தது. பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. பந்தயத்தில் ஜெயித்த மாதிரி ஒரு சிரிப்பு.

மெக்கானிக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, உள்ளே ஸ்பாஞ்சு வைத்துச் சத்தத்தைக் குறைத்துத் தருவதாகச் சொன்னான். கீழே இருப்பவர்களும் மனுஷங்கதானே.

"வேணாம்ப்பா. சத்தம் குறையவே கூடாது."

அவ்வளவுதான். அடுத்தவன் தூக்கத்தைக் கெடுப்பதற்கென்றே மிஷின் வைத்திருக்கிற ஆளுக்கு எதற்கு மெனக்கெட வேண்டும்?

அவன் பையில் புது கார்பன் மூணு செட் இருந்தது. பத்து நிமிஷ வேலை. பை ஜிப்பை இழுத்து மூடினான். ஸ்பேர் ஸ்டாக் இல்லை சார், ஒரு வாரம் ஆகும் என்றான். இதை அவன் கத்தவில்லை. அவர் அவன் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"ஒரு வாரமா?"

பழைய மிஷின் ஏதாவது வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். குப்பை இழுக்காவிட்டாலும் பரவாயில்லை, ஓடினால் போதுமாம். இல்லை என்று கிளம்பினான். கதவைச் சாத்தும்போது பார்த்தான், அவர் இன்னும் வெறுங்காலோடு அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

கீழே அந்தம்மா அப்படியே நின்றிருந்தாள்.

"சத்தம் கேட்டுச்சே தம்பி. சரியாயிடுச்சா?"

"கவலையை விடுங்கம்மா. ஸ்பேர் இல்லேன்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு வந்திருக்கேன். ஒரு வாரம் நிம்மதியாத் தூங்குங்க. அநியாயம்மா, குப்பை எடுக்கக்கூட இல்ல, பை காலி. வெறும் சத்தத்துக்கு ஓட்டுறார் மனுஷன்."

அவள் சிரிக்கவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பதை அவன் கவனித்தான்.

"முதல்ல சண்டைக்குத்தான் தட்டினேன் தம்பி. நான் தட்டினதும் நிறுத்திடுவார். போன வருஷம் ஒருநாள் பாத்ரூம்ல விழுந்துட்டேன். இடுப்பு உடைஞ்சு போச்சு. கத்தினேன், யாருக்கும் கேக்கல. மேல மிஷின் ஓடுச்சு. நான் தட்டல. அரை மணி நேரம் விடாம ஓடுச்சு. அப்புறம் நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல என் வீட்டுக் கதவை உடைக்கிற சத்தம்."

மெக்கானிக் அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தான்.

"எனக்குப் படியேற முடியாது. அவருக்குப் பேசினாக் கேக்காது. நாலு நாளா அவர் எப்படி இருக்கார்னு வாட்ச்மேனைத்தான் கேட்டுட்டு இருக்கேன்."

கம்பின் நுனியில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டினாள்.

"அவர் வீட்டுல ஏது தம்பி குப்பை? நான் இருக்கேனான்னு கேக்கத்தான் தினம் அதைப் போடுறார்."

மெக்கானிக் ஜிப்பைத் திறந்துகொண்டே மேலே ஓடினான்.