மூன்று கட்டங்கள்

காலை பத்து இருபதுக்கு ஒன்றாம் வகுப்பில் ஓர் இடம் காலியானது.

வேலை மாற்றலில் ஊரைவிட்டுக் கிளம்பும் குடும்பம் ஒன்று, பிள்ளையின் சேர்க்கையை ரத்து செய்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. பள்ளி அலுவலகத்தின் கிளார்க் காத்திருப்போர் பட்டியலை எடுத்தாள்.

முதல் எண்ணில் இருந்த குழந்தையை அவளுக்குத் தெரியாது. அப்பாவின் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் ஹாலில் அவர் சூப்பர்வைசர். முதுகுக்குப் பின்னால் 'கூடைக்காரர்'. வாசலில் இருக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் கூடையில் ஃபோனைப் போட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும். ஷிஃப்ட் முடியும்வரை அதில் கைவைக்கக் கூடாது.

மூன்று வருடம் முன்பு அவளும் அங்கேதான் டப்பாக்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது இதே பள்ளியின் பட்டியலில் அவள் மகள் முதல் எண்.

ஒரு நாள் கூடையில் அவள் ஃபோன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது.

பள்ளியிலிருந்துதான் என்று கெஞ்சினாள். "அடிச்சா அடிக்கட்டும்" என்றார் கூடைக்காரர். கூடைக்குப் பக்கத்தில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

இடம் இரண்டாம் எண்ணுக்குப் போனது. அன்றோடு அவள் வேலையை விட்டாள். அக்காவோடு பேச்சையும் விட்டாள்.

மகளுக்குக் கதவைத் திறக்காத பள்ளி, பிறகு அம்மாவுக்கு மேஜை போட்டுக் கொடுத்தது. மகள் இன்றும் இரண்டு பஸ் மாறி வேறெங்கோ போய்ப் படிக்கிறாள்.

பள்ளியின் விதி மட்டும் மாறவில்லை. ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று அழைப்பு. பெற்றவர்கள்தான் பேச வேண்டும். பேசாவிட்டால் அடுத்த எண். பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் மூன்று கட்டங்கள்.

விண்ணப்பத்தில் அம்மாவின் எண் கேட்ட இடத்திலும் கூடைக்காரர் தன் எண்ணையே எழுதியிருந்தார்.

இப்போது அழைத்தால் எடுத்துவிடுவார். பதினொரு மணிக்கு ஹாலைச் சுற்றிவரக் கிளம்புவார். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று காட்டிக்கொள்ள, அந்த ஒரு மணி நேரம் மட்டும் தன் ஃபோனையும் கூடையில் போடுவார்.

பதறாத காரியம் சிதறாது. அவள் பென்சில்களைச் சீவினாள். பழைய கோப்புகளுக்குப் புது அட்டை போட்டாள்.

பதினொன்று ஐந்துக்கு முதல் அழைப்பு. 'பதில் இல்லை' என்று எழுதினாள். கையெழுத்து இத்தனை அழகாக வந்து வெகு நாளாயிற்று.

பதினொன்று பத்து. பதில் இல்லை. வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது.

மூன்றாவது கட்டத்தை முன்கூட்டியே நிரப்பிவிட்டுத்தான் அழைத்தாள்.

யாரோ எடுத்துவிட்டார்கள்.

"சார் உள்ள இருக்காருங்க. விடாம அடிக்குதேன்னு எடுத்தேன்" என்றது தணிந்த குரல். "முன்ன ஒரு தடவ எடுக்காம விட்டு, ஒரு புள்ளையோட சீட்டே போயிடுச்சு. அந்தப் பாவம் இன்னும் என் தலையிலதான் இருக்கு."

லேபிள் அக்கா. யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கூடைக்காரருக்காக இல்லை, அக்காவுக்காகக் கிளார்க் வாயைத் திறந்தாள்.

"ஸ்கூல்லேர்ந்து பேசறேன்க்கா. அவர்கிட்ட சீக்கிரம் கொண்டுபோய்க் குடுங்க."

அதற்குள் அந்தப் பக்கம் காலடிச் சத்தம் நெருங்கிவிட்டது. "கூடையில கைவச்சது யாரு?"

"சார், இது உங்க..." என்று அக்கா ஆரம்பிக்கும்போதே இணைப்பு அறுந்தது. யாருடைய ஃபோன் என்று பார்க்கும் வழக்கம் அவருக்கு என்றைக்கும் கிடையாது.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. மேஜை ஃபோன் அடித்தது. திரையில் அவர் எண்.

பதிவேட்டைப் பார்த்தாள். நான்காவது கட்டம் இல்லை.

ஃபோன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, இரண்டாம் எண்ணின் பெயரைப் படித்தாள்.