உப்புப் போட்டு அவித்த மரம்

நெய்னா முகம்மது பாய்க்கு ஜெர்மன் தெரியாது என்று டைப்பிஸ்ட் மங்களாம்பிகை முடிவு கட்டிவிட்டாள்.

ஜெர்மன் கப்பலில் பன்னிரண்டு வருஷம் சமையல்காரராக இருந்தாராம். அதை நம்பித்தான் திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீஸில் நேற்றிலிருந்து அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

புயலில் குடிசை இழந்தவர்களுக்கென்று ஜெர்மனியிலிருந்து நூறு மரக் கம்பங்கள் வந்திருந்தன. கூடவே ஒரு ஜெர்மன் காகிதம். அதை இங்கிலீஷில் எழுதி ஃபைலில் வைக்காமல் ஒரு கம்பத்தையும் வெளியே விடமாட்டேன் என்று தாசில்தார் சொல்லிவிட்டார்.

"பாய், 'உப்புத் தண்ணியில போட்டு, கொப்பரையில அழுத்தி அவிச்சது'ன்னு எழுதியிருக்கீங்க. இது மரமா, புழுங்கல் நெல்லா?"

"அவன் அப்படித்தாம்மா எழுதியிருக்கான். மருந்து உப்பு. கரையான் அண்டாது, முப்பது வருஷம் நிக்கும்."

தாசில்தார் எதிரே உட்கார்ந்திருந்த மிராசுதார் பஞ்சநதத்தின் காதில் அந்த முப்பது வருஷம் விழுந்தது. குடிசை இழந்தவர்கள் அவர் நிலத்தில் குடியிருந்தவர்கள்தான்; அவர்களுக்குப் போன வருஷம்தான் சர்க்கார் மனைப்பட்டா கொடுத்திருந்தது. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"கீத்துக் குடிசைக்கு எதுக்குங்க முப்பது வருஷக் கம்பம்? என் மாட்டுக்கொட்டகையும் புயல்லதான் விழுந்துச்சு. கம்பத்துலயே 'கிஃப்ட் ஃப்ரீ'ன்னு முத்திரை குத்தியிருக்கான். இலவசப் பரிசு. குடிசைக்குத்தான்னு எங்க போட்டிருக்கு?"

தாசில்தார் நெளிந்தார். மிராசுதாருக்கு இரண்டு கழகத்திலும் ஒவ்வொரு மாப்பிள்ளை இருந்தார்கள்.

பாய் மெல்லச் செருமினார். "ஐயா, ஜெர்மன்ல கிஃப்ட்னா பரிசு இல்லீங்க. விஷம்."

மங்களாம்பிகைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிஃப்ட்னா பரிசுன்னு ஆறாம் கிளாஸ் பிள்ளை சொல்லும் பாய்."

பாய் பையிலிருந்த ஜெர்மன் அகராதியை எடுத்து நீட்டினார். அவள் புரட்டிப் பார்த்தாள். விஷம் என்றுதான் போட்டிருந்தது.

மிராசுதார் எழுந்துவிட்டார். "மாடு சும்மா இருக்காதுங்க, கம்பத்தை நக்கும். எனக்கு வேண்டாம். அவங்களுக்கே கொடுத்துடுங்க. மனுஷன் கம்பத்தை நக்கவா போறான்?"

ஆட்சேபணை இல்லை என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, கம்பங்களை லாரியில் ஏற்றச் சொன்னார் தாசில்தார்.

மங்களாம்பிகைக்கு மனசு கேட்கவில்லை. பாயைத் தனியே வராந்தாவுக்கு அழைத்து வந்தாள்.

"மாட்டுக்கு ஆகாத விஷத்துக்குள்ள மனுஷங்க குடியிருக்கணுமா? அவருதான் அப்படின்னா, நீங்களும் வாயை மூடிக்கிட்டு நின்னீங்களே பாய்."

பாய் அகராதியில் வேறொரு பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார்.

"முத்திரையில இருக்கிறது ஃப்ரீ இல்லம்மா, ஃப்ரை. அப்படின்னா 'இல்லாதது'. சேர்த்துப் படிச்சா விஷம் இல்லாத மரம். மிராசுதாருக்கு முன்பாதிய மட்டும் சொன்னேன். லாரி கிளம்பினதும் நீ ஃபைல்ல முழுசாவே டைப் அடிச்சு வச்சிடு."

"பாவம், அந்த ஜனங்க விஷம்னு பயப்படுவாங்களே?"

"மாட்டாங்க. மரம் அவங்களோடது, முதல்ல அவங்களுக்குத்தானே படிச்சுக் காட்டணும்? நேத்தே போய்க் காட்டிட்டேன்."